பாடசாலையில் சைக்கிள் நிறுத்த இடமில்லையா? முதலில் எண்ணிப் பாருங்கள்

கிழக்கிலுள்ள எமது ஊர்களில் ஓரளவு பெரிய பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. மாணவர்களின் சைக்கிள்களை நிறுத்த வளவுக்குள் இடமில்லை என்பதே அது. கொட்டகை நிரம்பி, வகுப்பறைத் தாழ்வாரங்களும் நிரம்பி, மிச்சம் மதிலுக்கு வெளியே வீதியோரத்தில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் உயர்தர மாணவர்கள் சிலரின் மோட்டார் சைக்கிள்கள். காலை 7.15க்கும் 7.30க்கும் இடையில் அதே ஒழுங்கைக்குள்தான் பெற்றோரின் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் நுழைகின்றன. நடந்து வரும் சின்னப் பிள்ளைக்குக் கால் வைக்க இடமிருக்காது.

எங்கள் பாடசாலையிலும் இந்த வருடம் இது பற்றிப் பேசினோம். மைதானத்தில் ஒரு துண்டை எடுப்போம் என்றார் ஒருவர். பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டு இன்னொரு கொட்டகை அடிப்போம் என்றார் இன்னொருவர். முன் வளவில் நிற்கும் இரண்டு வாகை மரங்களையும் வெட்டினால் தாராளமாக இடம் கிடைக்கும் என்று மூன்றாவது யோசனை வந்தது. மரம் வெட்டும் யோசனைக்குத்தான் கூடுதலான கைகள் உயர்ந்தன. செலவும் குறைவு, விறகும் மிச்சம் என்று ஒருவர் பகிடியாகச் சொன்னார். அதிபர் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்த நாளிலிருந்து கணிதம்தான் படிப்பிக்கிறேன். அதனாலோ என்னவோ, 'இடமில்லை' என்று யாராவது சொன்னால் 'எவ்வளவு இல்லை?' என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை சைக்கிள் வருகிறது, எத்தனைக்கு இடமிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எண்ணிக்கை தெரியாமல் மரம் வெட்டுவதற்குக் கை உயர்த்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அநேகமான பாடசாலைகளில் குறைவாக இருப்பது நிலம் அல்ல, ஒழுங்கு என்பது எனது கருத்து. அதை விளக்கவே முயல்கிறேன்.

இந்த நெருக்கடி எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் இல்லாமல் பாடசாலைகளையே மூடினார்கள். கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்றுதான் ஆரம்பித்தார்கள். சைக்கிளின் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயும், பழைய சைக்கிள்களை ஊரே தூசி தட்டி எடுத்தது. ஆசிரியர்கள் நாங்களும் சைக்கிளில் வந்தோம். பெற்றோல் திரும்பி வந்ததும் பெரியவர்கள் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகளில் பலர் சைக்கிளை விடவில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள். இருபது வருடங்களுக்கு முன் எமது பகுதியில் சைக்கிளில் பாடசாலைக்கு வரும் மாணவியரை விரல் விட்டு எண்ணலாம். இன்று தரம் ஒன்பது, பத்துக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. நல்ல விடயம். ஆனால் கொட்டகை மட்டும் பெரிய வகுப்புப் பொடியன்மார் சிலர் சைக்கிளில் வந்த காலத்துக் கொட்டகையாகவே நிற்கிறது.

ஆகவே வரவு கூடியிருப்பது உண்மை. அப்படியானால் இடம் போதாதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எண்ண வேண்டியிருக்கிறது.

கூட்டத்துக்கு அடுத்த வாரம் தரம் பத்து மாணவர்கள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். காலை 7.00, 7.15, 7.30, பிறகு இடைவேளை என்று நான்கு தடவை எண்ணச் சொன்னேன். தாழ்வாரத்தில் நிற்பவை வேறாக, மதிலுக்கு வெளியே நிற்பவை வேறாக. இரண்டாவது நாளே ஒரு மாணவன் ஓடி வந்து சொன்னான்: "சேர், கொட்டகைக்கு உள்ளுக்கு இடமிருக்கு சேர். ஆனா போக ஏலாது." நானும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. முதலில் வரும் மாணவர்கள் சைக்கிளைக் கொட்டகையின் வாசலில் நிறுத்துகிறார்கள். அடுத்து வருபவர்கள் அதை ஒட்டி நிறுத்துகிறார்கள். 7.15 ஆகும்போது கொட்டகையின் வாய் அடைபட்டுவிடுகிறது. வயிறு வெறுமையாகக் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருபவனுக்குக் கொட்டகை நிரம்பியதாகத்தான் தெரியும். அவன் தாழ்வாரத்துக்குப் போகிறான்.

ஏன் வாசலில் நிறுத்துகிறாய் என்று சிலரிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். 1.30க்கு மணியடித்தால் 2 மணிக்கு டியூஷன். வீட்டுக்குப் போய் லுஹர் தொழுது, சாப்பிட்டு, அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். உள்ளே நிறுத்தினால் வெளியே எடுக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். ஆக, காலையில் நாம் பார்க்கும் இடப் பிரச்சினை உண்மையில் பகல் 1.30இன் வெளியேறும் பிரச்சினை. வெளியேறுவதைச் சரி செய்யாமல் இன்னொரு கொட்டகை அடித்தால் அதன் வாயும் அடைபடும்.

இன்னொன்றையும் செய்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒவ்வொரு சைக்கிளின் முன் ரயரிலும் அது நிலத்தைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தபோது பதினொரு சைக்கிள்களில் அந்தக் கோடு போட்ட இடத்திலேயே, கலையாமல் இருந்தது. ஒரு வாரமாக அசையவே இல்லை என்று அர்த்தம். உயர்தரம் எழுதிவிட்டுப் போன பிள்ளைகள் விட்டுப்போனவை, றிம் வளைந்து கைவிடப்பட்டவை, யாருடையது என்றே தெரியாதவை. ஒன்றின் கூடைக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. பதினொரு சைக்கிள் என்றால் ஒரு வகுப்பின் சைக்கிள்களில் பெரும் பகுதிக்குரிய இடம். ஒரு மாத அவகாசத்தோடு அறிவித்தல் போட்டு, உரியவர் வராவிட்டால் அதிபரின் அனுமதியோடு பதிவேட்டில் எழுதி அகற்ற வேண்டியவை இவை. திருத்தக்கூடியவற்றைத் திருத்தி வசதியற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

அடுத்தது அளவு. சாதாரண சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1.8 மீற்றர். அதன் அகலம் என்பது ஹேண்டிலின் அகலம், ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். பக்க ஸ்ராண்டில் சாய்த்து, விரும்பியபடி நிறுத்தினால் ஒவ்வொன்றும் ஒரு மீற்றரைப் பிடித்துக்கொள்ளும். 20 மீற்றர் நீளமான மதில் ஒன்றில் இப்படி 20 சைக்கிள்தான் நிற்கும். மதிலுக்கு நேர்குத்தாக, 60 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு நிறுத்தினால் 33 நிற்கும். ஒன்று முன்பக்கமாகவும் அடுத்தது பின்பக்கமாகவும் மாற்றி மாற்றி நிறுத்தினால் ஹேண்டில்கள் ஒன்றோடொன்று முட்டாது. அப்போது ஒன்றுக்கு 40 சென்ரிமீற்றர் போதும். அதே மதிலில் 50 சைக்கிள். மதில் ஒரு அங்குலமும் நீளவில்லை.

சாய்வாக நிறுத்தினால் கூடுதலாகக் கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 45 பாகையில் சாய்த்து நிறுத்தினால் ஒவ்வொரு சைக்கிளும் மதிலின் நீளத்தில் ஏறத்தாழ 85 சென்ரிமீற்றரைப் பிடிக்கும். 20 மீற்றரில் 23தான். சாய்வு முறை மதிலுக்கு முன்னால் உள்ள பாதை ஒடுக்கமாக இருக்கும் இடங்களுக்கு மட்டுமே உதவும். இந்தக் கணக்கைத் தரம் பத்து, பதினொன்று மாணவர்களிடம் கொடுங்கள். திரிகோணகணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

இரண்டு வரிசைகளை எதிரெதிராக வைத்து நடுவில் ஒரு வழி விட்டால் இன்னும் சேமிக்கலாம். சைக்கிளை உருட்டித் திருப்ப 1.5 மீற்றர் வழி வேண்டும். இரண்டு பக்கமும் 1.8 மீற்றர். மொத்தம் 5 மீற்றரும் கொஞ்சமும். 20 மீற்றர் நீளம், 5.1 மீற்றர் அகலமான நிலத்தில், மாற்றி மாற்றி நிறுத்தும் முறையில் 100 சைக்கிள்கள் நிற்கும். வழியின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு முனை மூடியிருந்தால் மீண்டும் வாய் அடைபடும் கதைதான். எங்கள் கொட்டகையின் பின்பக்கத் தகரத்தைக் கழற்றி, பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதை அந்த ஆறு மாணவர்களே வரைபடம் கீறிக் காட்டினார்கள்.

கரையோர ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எமது மண் மணல் மண். ஸ்ராண்ட் மணலுக்குள் இறங்கும். ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும். அதனால்தான் பிள்ளைகள் சிமெந்துத் தாழ்வாரத்தைத் தேடிப் போகிறார்கள், திமிரினால் அல்ல. சில இடங்களில் கொங்கிறீற் கட்டைகளில் வெட்டு வைத்து அதற்குள் முன் சில்லைச் செருக வைக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் சைக்கிள் சாயும்போது முழுப் பாரமும் சில்லில் இறங்கி றிம்மை வளைத்துவிடும். பிடிக்க வேண்டியது சைக்கிளின் உடம்பை. தலைகீழான 'ப' வடிவில் வளைத்த இரும்புக் குழாய் ஒன்று நிலத்தில் நட்டால் அதன் இரண்டு பக்கமும் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும், சங்கிலி போட்டுப் பூட்டவும் முடியும். அதற்கு வசதியில்லையென்றால் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீளக் குழாயைத் தூண்களோடு ஒட்டிவிட்டாலே போதும். ஊரிலுள்ள எந்த வெல்டிங் கடையிலும் செய்யக்கூடிய வேலை. நிலத்துக்கு இரண்டு வரிசை இன்ரர்லொக் கல் போட்டுவிட்டால் மணல் பிரச்சினையும் முடிந்தது.

அந்த வாகை மரங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார் நிறுத்துவதற்குத்தான் இடைஞ்சலில்லாத நீள்சதுரம் தேவை. சைக்கிள் மரத்தைச் சுற்றியும் நிற்கும். எமது பகுதியின் பகல் வெயிலில் நின்ற சைக்கிளின் ரியூப்பில் பழைய ஒட்டுக் கழன்று காற்றுப் போவது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1.30க்குக் காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் பிள்ளை 2 மணி வகுப்புக்குப் போவதில்லை. கூரைத் தகரம் வாங்கக் காசு சேர்க்கும் அதே கூட்டத்தில், காசில்லாமல் நிழல் தருகின்ற மரத்தை வெட்டத் தீர்மானிப்பது எனக்கு விளங்கவில்லை. காகம் எச்சமிடும் என்பது ஒன்றுதான் மரத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயம். அதைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

நிழலைப் பற்றிப் பேசினால் ஆசிரியர்களாகிய எங்களைப் பற்றியும் பேச வேண்டும். எந்தப் பாடசாலையிலும் நல்ல நிழலும் நல்ல நிலமும் உள்ள இடத்தில் யாருடைய வாகனம் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு கார் நிற்க 2.4 மீற்றருக்கு 4.8 மீற்றர் வேண்டும், அதாவது பதினொன்றரை சதுர மீற்றர். அது திரும்ப வேறாக இடம் வேண்டும். கார் நிற்கும் அந்த இடத்தில் மட்டும் பத்து சைக்கிள்கள் நிற்கும். ஆசிரியர்களின் கார்களை வெளியே போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தூரத்து ஊர்களிலிருந்து வரும் ஆசிரியைகளுக்கு வேறு வழியுமில்லை. ஆனால் கார்களைப் பின் வளவுக்கு மாற்றி, முன் வளவை சைக்கிள்களுக்கு விடலாம் என்ற யோசனையாவது கூட்டத்தில் பேசப்பட வேண்டும். எங்கள் கூட்டத்தில் அதை நான் சொன்னபோது சற்று நேரம் மௌனம் நிலவியது.

அமெரிக்காவில் உயர்தர வயதுப் பிள்ளைகள் பதினாறு வயதிலேயே கார் ஓட்டிப் பாடசாலைக்கு வருகிறார்கள். அங்கே பிரச்சினை கார் தரிப்பிடம். பல பாடசாலைகள் இறுதி வருட மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அனுமதிச் சீட்டு வழங்குகின்றன. அதற்குக் கட்டணமும் அறவிடுகின்றன. கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் என்பவர் 2005இல் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். இலவசத் தரிப்பிடம் என்று ஒன்று கிடையாது, அதற்குரிய விலையை வாகனமே இல்லாதவர் உட்பட எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். கட்டணம் அறவிடும் முறை எமது பாடசாலைகளுக்குப் பொருந்தாது. சைக்கிளில் வருவது பெரும்பாலும் கையிருப்புக் குறைந்த வீட்டுப் பிள்ளை. அதனிடம் காசு கேட்பது அநியாயம். ஆனால் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வி எமக்கும் பொருந்தும். மைதானத்தில் ஒரு துண்டை எடுத்தால் அந்த விலையைக் கொடுப்பது விளையாடும் பிள்ளை. ஒழுங்கையை அடைத்தால் கொடுப்பது நடந்து வரும் பிள்ளை.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிள்.

இலங்கையில் 18 வயது பூர்த்தியாகாத ஒருவருக்கு சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்காது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுபவர் மட்டுமல்ல, அவரிடம் வாகனத்தை ஓட்டக் கொடுப்பவரும் குற்றம் செய்தவராகிறார். சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு 16 வயது. உயர்தரம் எழுதும்போது 18, 19. ஆகவே பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் மாணவர்களில் சட்டப்படி ஓட்டக்கூடியவர் மிகச் சிலர் மட்டுமே.

அநேகமான பாடசாலைகள் செய்வது என்ன? மோட்டார் சைக்கிளை உள்ளே விடுவதில்லை. அத்தோடு தமது பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. அந்த மோட்டார் சைக்கிள் எங்கே போகிறது? ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டு முற்றத்துக்கு. சில வீடுகளில் அதற்குச் சிறு தொகையும் வாங்குகிறார்கள். மாணவன் தலைக்கவசத்தை அங்கே வைத்துவிட்டு - தலைக்கவசம் இருந்தால் - நடந்து வந்து கேட்டால் நுழைகிறான். அதிபரின் கண்ணில் எல்லாம் ஒழுங்கு. 1.30க்கு அதே ஒழுங்கையில், சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கு நடுவே, பின்னால் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு அவன் முறுக்குகிறான். கேட்டில் போடும் தடை வாகனத்தை இல்லாமல் செய்யவில்லை, எமது பார்வையிலிருந்து மட்டும் மறைத்திருக்கிறது.

இப்படி வரும் மாணவன் ஒருவனின் வீட்டுக்கு நானும் ஒரு மௌலவி ஆசிரியரும் ஒரு பின்னேரம் போனோம். கண்டிக்கும் எண்ணத்தோடுதான் போனோம். உம்மா வாசலுக்கு வந்து, "வாப்பா கட்டாரில, சேர். வந்து ரெண்டரை வருசமாகுது. இவன்தான் எங்களுக்கு எல்லாம்" என்றார். தங்கையைக் குர்ஆன் மத்ரஸாவுக்குக் கொண்டுபோவது, மூத்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, சந்தைக்குப் போவது எல்லாம் அவன். முச்சக்கர வண்டி பிடித்தால் மாதத்துக்கு எவ்வளவு என்று அவர் கணக்குச் சொன்னபோது எங்களால் மறுத்துப் பேச முடியவில்லை. வாப்பா வாங்கி அனுப்பிய மோட்டார் சைக்கிள் அது. பதினேழு வயதில் அந்த வீட்டின் ஆண்பிள்ளை அவன். இதில் 'ஸ்டைல்' காட்டுவதற்கு மோட்டார் சைக்கிளில் வருபவனும் இருக்கிறான், இவனும் இருக்கிறான். இருவரையும் ஒரே தடியால் அடிக்க முடியாது.

ஆனாலும் அந்த உம்மாவிடம் நாங்கள் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். விபத்து நடந்தால், அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டிய வாகனத்துக்குக் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கும். அடிபட்டவரின் குடும்பத்துக்கு நட்டஈடு கொடுக்கும் சுமை கட்டாரில் உழைக்கும் வாப்பாவின் தலையில்தான் விழும். வழக்கும் அந்தப் பிள்ளையைத் தேடித்தான் வரும். உயர்தரம் எழுத வேண்டிய பிள்ளை நீதிமன்றத்துக்குப் போய் வர நேரிடும். வீட்டுத் தேவைக்கு வேறு வழி தேடும்வரை குறைந்தது பாடசாலைக்காவது சைக்கிளில் அனுப்புங்கள் என்று கேட்டோம். வீடு பாடசாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர்தான். அடுத்த வாரம் அவன் சைக்கிளில் வந்தான். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டில் நின்று துரத்துவதைவிட வீட்டுக்குப் போவது பலன் தருகிறது.

18 வயது பூர்த்தியாகி, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், தலைக்கவசம் எல்லாம் உள்ள உயர்தர மாணவன் விடயத்தில் எனது அபிப்பிராயம் வேறு. வலயக் கல்வி அலுவலகத்தின் ஆலோசனையைப் பெற்று, பெற்றோரின் எழுத்து மூலக் கடிதத்தோடு, தூரத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் உள்ளே இடம் கொடுப்பது நல்லது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம் வேண்டும். மாற்றி மாற்றி நிறுத்தும் சைக்கிள்கள் இரண்டுக்கு மேல் நிற்கும் இடம் அது. ஆகவே இதற்கு ஒரு எல்லை வைக்க வேண்டும். உள்ளே நிற்கும் வாகனத்தைத்தான் பாடசாலை பார்க்க முடியும், பத்திரத்தைக் கேட்க முடியும். இது மாணவர்களைக் கெடுக்கும் என்று சில சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி ஓட்டுபவனையும் சட்டவிரோதமாக ஓட்டுபவனையும் ஒரே முற்றத்தில் ஒளிக்க வைப்பதுதான் கெடுக்கும் என்பது எனது பதில்.

கேட்டுக்கு வெளியே நடப்பது தனிக் கதை. பிள்ளையை வகுப்பறை வாசலிலேயே இறக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர்தான் அங்கே பெரிய நெரிசல். 500 மீற்றர் தூரத்தை நடக்க ஏழு நிமிடம் போதும். அதற்குள் வீடு உள்ளவர்களே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார்கள். நாய்க்கும் வாகனத்துக்கும் பயந்துதான் நடக்க விடுவதில்லை என்கிறார்கள். அந்த வாகனங்களில் ஒன்று தங்களுடையது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே குறிச்சிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் ஒரு தாயின் துணையோடு நடந்து வரலாம்.

வெளியேறும் நேரத்தைப் பிரிப்பது இதைவிட இலகு. 1.30க்கு நடந்து போகும் பிள்ளைகள் முதலில். ஐந்து நிமிடம் கழித்து சைக்கிள்கள், அதுவும் பக்கத்துக் கேட்டால். மோட்டார் வாகனங்கள் கடைசியில். மாணவர் தலைவர்கள் நான்கு பேரும் பொறுப்பாசிரியர் ஒருவரும் போதும். கடைசியில் போவதென்றால் மோட்டார் சைக்கிளின் கவர்ச்சியும் கொஞ்சம் குறையும்.

எமது ஊர்களில் பாடசாலைக்கு அருகிலேயே பள்ளிவாசல் இருப்பது பெரும்பாலும் வழக்கம். காலை 7 மணிக்குப் பள்ளிவாசல் முற்றம் வெறுமையாக இருக்கும். பெற்றோர் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு, ஒழுங்கைக்குள் நுழையாமலே திரும்பிப் போகலாம். வெள்ளிக்கிழமை நிலைமை மறுபுறம். ஜும்ஆவுக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்டுவிடும், வளவு வெறுமையாக இருக்கும், பள்ளிவாசல் வீதியோ வாகனங்களால் அடைபட்டிருக்கும். பாதையில் இடைஞ்சல் செய்வதைப் பற்றிப் பயான் கேட்கும் நேரத்திலேயே எமது மோட்டார் சைக்கிள்கள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கின்றன. அதிபரும் பள்ளிவாசல் நிர்வாகமும் உட்கார்ந்து பேசினால், காலையில் பள்ளிவாசல் முற்றம் பாடசாலைக்கும், வெள்ளி நண்பகலில் பாடசாலை வளவு ஜும்ஆவுக்கு வருவோருக்கும் உதவும். வளவைத் திறப்பதற்கு உரிய அனுமதியைப் பெற வேண்டும், பூட்டுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதாக இருப்பதால் கேட்பதற்கும் சங்கடமில்லை.

இவற்றில் குழாய் ஒட்டுவது, கல் பதிப்பது போன்ற வேலைகளுக்கு எமது பாடசாலைகளுக்குக் கிடைக்கும் ரமழான் விடுமுறை பொருத்தமான காலம். கோடு போடுவதற்கும், கொட்டகையை உள்ளிருந்து வெளியாக நிரப்ப மாணவர் தலைவர் ஒருவரைக் காலையில் அரை மணி நேரம் நிறுத்துவதற்கும் விடுமுறை வரை காத்திருக்கத் தேவையில்லை. வகுப்புக்கு ஒரு பகுதி என்று பிரித்து, மட்கார்டில் இலக்கம் ஒட்டிவிட்டால் யாருடைய சைக்கிள் என்ற கேள்வியும், காற்றைத் திறந்துவிடும் விளையாட்டும் குறையும். மாணவியரின் பகுதி காவலாளியின் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் பாடசாலையிலும் மரம் வெட்டவோ மைதானத்தைச் சுருக்கவோ தீர்மானம் வருமானால், எண்ணிக்கை கையில் கிடைக்கும்வரை அதை ஒத்திவைக்கச் சொல்லுங்கள். எண்ணுவதற்கு இரண்டு வாரம் போதும். வெள்ளிக்கிழமையில் எண்ண வேண்டாம், வரவு குறைவாக இருக்கும். தவணையின் முதல் வாரத்திலும் பரீட்சை வாரத்திலும் எண்ண வேண்டாம். செவ்வாய் அல்லது புதன்கிழமை, மழையில்லாத நாள், காலை 7 மணியிலிருந்து. சுண்ணக்கட்டி ஒரு பெட்டி கொண்டு போங்கள்.